தாலிக்கொடி காணாமல் போனபோது: எங்கள் பகுதிப் பொலிஸின் சமூகத் தொடர்பாளர் சேவை

சிட்னி மேஸ் ஹில் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வந்தால் வீட்டுப் பின்கதவு திறந்து கிடக்கிறது. அலுமாரியைக் கிண்டிக் கொட்டியிருக்கிறார்கள். மாமியின் தாலிக்கொடி, 11 பவுண், போய்விட்டது. மாமா தவறிய பிறகு கழற்றிப் பழைய கூறைச் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தது.

கள்ளன் போன பிறகு அவசர எண் 000 தேவையில்லை, பொலிஸ் உதவி எண் 131 444க்கு எடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எடுத்தோம். இரண்டு பேர் வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் வாக்குமூலம் கொடுக்க மாமியை நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு வேலை. என் கணவர் கார் பார்க்கிங் நேரம் முடிகிறது என்று வெளியே ஓடிய பத்து நிமிடத்துக்குள் கவுண்டரில் இருந்தவர், "பேரன் இருக்கிறான்தானே, அவனே சொல்லட்டும்" என்று தொடங்கிவிட்டார்.

பேரனுக்கு, அதாவது என் மகனுக்கு, வயது 12. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவன் படித்த கொடி ஒன்றுதான். ஆகவே 'கலியாணத்துக்குப் போடும் தங்கக் கொடி' ஆங்கிலத்தில் 'ஃபிளாக்' ஆகிவிட்டது. எழுதியவருக்கும் சந்தேகம் வரவில்லை. நீளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டாராம். மாமி கழுத்திலிருந்து நெஞ்சு வரை கையால் காட்டிவிட்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

மாமி அப்படித்தான். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து தங்கியபோது பொலிஸ் பதிவுத் துண்டைக் கைப்பையில் வைக்காமல் பாண் வாங்கக்கூட வெளியே போகாதவர். பொலிஸ் கேட்டால் பதில் சொல்வது, காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பது, வீட்டுக்கு வருவது. திருப்பிக் கேள்வி கேட்பது என்ற யோசனையே அவருக்கு வராது.

நியூ சவுத் வேல்ஸ் பொலிஸில் பல்கலாசார சமூகத் தொடர்பாளர் என்று ஒரு வேலை இருப்பது அந்தக் கிழமைதான் எங்களுக்குத் தெரிந்தது. இவர்கள் பொலிஸ்காரர் இல்லை. சிவில் ஊழியர்கள். துப்பாக்கி கிடையாது, கைது செய்ய முடியாது. நிலையத்துக்கும் வேறு மொழி, வேறு ஊர்க்காரருக்கும் நடுவே நிற்பதுதான் வேலை. எங்களுக்கு வந்தவர் லெபனான் வம்சாவளிப் பெண். தமிழில் ஒரு சொல் தெரியாது. இவரால் என்ன ஆகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்ததும் அவர் தன் சப்பாத்தைக் கழற்றினார். பிறகு கூட வந்த பொலிஸ் பொடியனைத் திரும்பிப் பார்த்தார். அவன் பூட்ஸ் கயிறு அவிழ்த்து முடிக்க இரண்டு நிமிடம். ஒரு காலுறையில் ஓட்டை. மாமி சிரித்துவிட்டார்! சீருடைக்கு முன்னால் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவைக்கு எடுத்து, போனை ஸ்பீக்கரில் மேசைமேல் வைத்தார். வந்த குரல் தமிழ்நாட்டுப் பெண்ணுடையது.

"எத்தனை சவரன்மா?"

"சவரன் இல்லைப் பிள்ளை, பவுண்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா, எட்டு கிராம்."

மொழிபெயர்ப்பாளர் இப்படிக் குறுக்கே பேசக்கூடாதாம். நல்லவேளை பேசினார். 88 கிராம் என்றதும் பொடியன் தலையை நிமிர்த்தினான். தொடர்பாளர் தானாகவே கலியாண அல்பம் இருக்கிறதா என்று கேட்டார். கறுப்பு வெள்ளைப் படத்தில் தாலியும் பிள்ளையார் உருவமும் தெளிவாகத் தெரிந்தன. அதைப் போனில் படம் பிடித்து அறிக்கையோடு சேர்த்தார்கள். எல்லாம் முடிய ஒரு மணி நேரம். எங்களுக்கு ஒரு சதம் செலவில்லை. போகும்போது மாமிக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார்: அவசரமென்றால் 000, 'பொலிஸ்', 'தமிழ்' என்ற இரண்டு சொல் போதும், போனை வைக்காமல் நில்லுங்கள். மாமி அதைக் கலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.

குறை இல்லையா என்றால், உண்டு. இப்படி ஒருவர் இருக்கிறார் என்று கவுண்டரில் யாரும் சொல்லவில்லை. கணவரோடு வேலை செய்பவர் சொல்லித்தான் தெரியும். ஐந்தாறு சமூகத்துக்கும் சேர்த்து எங்கள் பகுதிக்கு அவர் ஒருவர்தான், அதுவும் அலுவலக நேரத்தில் மட்டும். முதல் அறிக்கையிலிருந்த 'ஃபிளாக்' அழியவும் இல்லை. திருத்தம் கீழே தனியாகத்தான் ஏறியது. காப்புறுதிக்காரர் போன் எடுத்து, அந்தக் கொடி எந்த நாட்டுடையது என்று என்னிடம் கேட்டார்.

தாலிக்கொடி இன்னும் கிடைக்கவில்லை. கள்ளனைப் பிடிப்பது தொடர்பாளரின் வேலையில்லை, அதற்காக அவருக்குப் புள்ளி குறைக்க மாட்டேன். அவருக்கு ஐந்துக்கு ஐந்து. நிலையத்துக்கு இரண்டு.

பொலிஸோடு கோப்பி குடிக்கும் நிகழ்ச்சி ஒன்று அடுத்த மாதம் ஷாப்பிங் சென்டரில் இருக்கிறதாம். தொடர்பாளர் துண்டு கொடுத்துவிட்டுப் போனார். மாமி போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார், அந்தப் பொடியனுக்கு உளுந்து வடை கொண்டு போக வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிற வீட்டில் யார் கொண்டுபோய் விடுவது?