குன்னூரில் 3 லிட்டர் கீசர்: ஷவருக்கு ஆகாது

பழைய 15 லிட்டர் கீசர் ஒழுக ஆரம்பித்ததும், கரண்ட் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் வாங்கினேன். முதல் முக்கால் நிமிடம் சுடச்சுட, அப்புறம் பச்சைத் தண்ணீர். தலை நிறைய ஷாம்பு நுரையோடு சுவரோரம் ஒதுங்கி நின்றதுதான் மிச்சம்.

பிளம்பர் வந்து, கீசருக்குப் போகும் ஆங்கிள் வால்வைப் பாதி மூடினார். சூடு நிலைத்தது, ஆனால் ஷவர் நூலாக ஒழுகுகிறது. 3 கிலோவாட்டில் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் சுமார் 11 டிகிரிதான் ஏறும். மார்கழித் தண்ணீருக்கு அது எந்த மூலைக்கு?

பொருளில் பழுதில்லை. பாத்திரம் கழுவச் சரி. அதைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு, குளியலறைக்கு 25 லிட்டர் சொல்லியிருக்கிறேன். ஐந்துக்கு இரண்டு.