பழைய மெயிலை வருடவாரியாக இறக்கி வைப்பது: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து ஓர் அனுபவம்

பல வருடம் புழங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஜிமெயிலின் ஆர்க்கைவ் பட்டனை மட்டும் நம்பினால் பெட்டி நிறைவது நிற்காது. அது மெயிலை இன்பாக்ஸிலிருந்து எடுத்து, ஆல் மெயில் என்ற பொதுப் பகுதியில் விட்டுவைக்கும், அவ்வளவுதான். கூடத்தில் கிடந்த மூட்டையைப் பரணில் ஏற்றுகிற மாதிரி, வீட்டுக்குள்தான் இருக்கிறது. இலவசக் கணக்குக்கு 15 ஜிபி. அதை மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் புதிதாக ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில் சேர ஆரம்பித்தன. எங்களுக்கு நெருக்கடி வந்தது அதற்குப் பிறகுதான்.

எங்கள் தொழில் நண்டு. நீலக்கால் நண்டை வாங்கி, அவித்து, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். ஒவ்வொரு லோடுக்கும் எடைச்சீட்டு, இன்வாய்ஸ், லேப் ரிப்போர்ட், லாரி ரசீது எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக மெயிலில் வந்து குவியும். இடத்தை அடைப்பது இந்த இணைப்புகள்தான். மெயிலில் அனுப்பும்போது ஃபைல் வேறு வடிவத்துக்கு மாற்றப்படுவதால், அசலைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவே இடம் பிடிக்கும். அதற்காக அழித்துவிடவும் முடியாது. ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளையும் ஆவணங்களையும் வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுச் சரக்கு மட்டும் வரும். படகுக்காரர்கள் பெயின்ட் அடிக்கிற அந்த நாட்களில்தான் நாங்கள் மெயிலைக் கையில் எடுக்கிறோம்.

கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் இருக்கிறது. மெயிலைக் கம்ப்யூட்டரில் படிக்கவும் சேமிக்கவும் உதவும் இலவச மென்பொருள் அது. அதில் ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலை அங்கேயே வைத்துப் பார்க்கும் முறை) வழியாக ஜிமெயில் கணக்கைச் சேர்த்து, நம் டிஸ்க்கிலேயே மெயிலை வைக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்ற பகுதியில் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டிருக்கிறோம். ஒரு ஃபோல்டரில் உள்ள மெயில் முழுவதையும் அது வழக்கமாக எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் ஒரே ஃபைலாகத்தான் சேமிக்கும். எல்லாவற்றையும் ஒன்றில் கொட்டினால், அந்த ஒரு ஃபைல் கெட்டால் எல்லாமே ஆபத்து. வருடவாரியாகப் பிரித்தால் சேதம் ஒரு வருடத்தோடு போகும்.

மெயிலை மூவ் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். மூவ் பாதி வழியில் நின்றால் எது இங்கே, எது அங்கே என்று தேடியே நாள் போய்விடும். இங்கே நெட்டும் கரண்டும் நம்மைக் கேட்டுப் போவதில்லை. அதனால் ஒரு மாதத்து மெயிலாகக் காப்பி செய்கிறோம். முடிந்ததும் இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் ஒப்பிடுகிறோம். அப்புறம் நெட்டைத் துண்டித்துவிட்டு நாலைந்து இணைப்புகளைத் திறந்து பார்க்கிறோம். திறந்தால்தான் அது நம் டிஸ்க்குக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரிபார்த்த பிறகுதான் ஜிமெயிலில் அழிப்பது. தேடல் பெட்டியின் வலது ஓர அடையாளத்தைத் தொட்டால் தேதி, அளவு, இணைப்பு உண்டா என்று தனித்தனியாகக் கேட்கும். பெரிய மெயில்களை முதலில் பிடித்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். டிராஷுக்குப் போனவை 30 நாள் வரை அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் மீட்டர் இறங்கும்.

கூகுள் டேக்அவுட்டையும் பயன்படுத்தினோம். மொத்தப் பெட்டியையும் எம்பாக்ஸாகத் தந்துவிடும், முழு பேக்கப்புக்கு நல்லது. ஆனால் ஒரு இன்வாய்ஸைத் தேடி எடுக்க அது வசதிப்படாது. இன்னொன்று, ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் ஏறாது. அந்தத் தடை இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல். உப்புக்காற்றில் யுஎஸ்பி முனைகள் பச்சை பிடிக்கும், ஒரு ஹார்ட்டிஸ்க் எங்களுக்கு அப்படித்தான் போனது. தரவு போகவில்லை, ஏனென்றால் இன்னொரு பிரதி ராமநாதபுரத்தில் என் மச்சினர் வீட்டு பீரோவில் இருந்தது. இங்குள்ள டிஸ்க் இப்போது காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கிறது. கடற்கரை ஊர்க்காரர்கள் இரண்டாவது பிரதியை ஊருக்கு வெளியே வைப்பதுதான் நல்லது.

இதில் குறை என்றால் போன்தான். பாம்பனில் படகடியில் நிற்கும்போது ஆடிட்டர் பழைய ரசீது கேட்டால், ஆபீஸுக்கு வந்துதான் அனுப்ப முடியும். அதனால் நடப்பு வருடத்தையும் அதற்கு முந்தைய வருடத்தையும் ஜிமெயிலிலேயே விட்டுவைக்கிறோம். அதற்கு முந்தையதைக் கேட்பது அபூர்வம். கம்ப்யூட்டரே இல்லாமல் போனிலேயே தொழில் நடத்துபவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. அவர்கள் மாதக் கட்டணம் கட்டிக் கூடுதல் இடம் வாங்கிக்கொள்ளலாம்.