விசிபிள் பம்பா, கம்ப்யூட்டர் பம்பா? முதல் ரெஸ்டோரேஷனுக்கு எதை எடுக்கலாம்

பழைய அமெரிக்க பெட்ரோல் பம்ப் ஒண்ணை வாங்கி சரி பண்ணணும்னு ஆசைப்படுற எல்லாருக்கும் மொதல்ல வர்ற குழப்பம் இது. தலையில கண்ணாடி உருளை வெச்ச 1920கள் விசிபிள் பம்பா, இல்ல 1930கள்ல வந்த, கேலனும் காசும் ஒண்ணா ஓடுற கம்ப்யூட்டர் பம்பா? நான் எடுத்தது ரெண்டாவது, டோக்கைம் கம்பெனியோட 39ங்கிற மாடல். இன்னிக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் எடுக்கச் சொல்வேன்.

விசிபிள் பம்ப் அழகு, அதுல பேச்சே இல்ல. கைப்பிடிய ஆட்டி ஆட்டி பெட்ரோல கண்ணாடிக்குள்ள ஏத்தணும், உள்ள இருக்கிற கேலன் குறியப் பார்த்து திறந்துவிட்டா அதுபாட்டுக்கு வண்டிக்கு இறங்கிடும், அவ்ளோதான் மெக்கானிசம். ஆனா எட்டடிக்கு மேல உயரம், சாதாரண கூரைக்குள்ள நிக்காது.

எனக்கு முடிவு பண்ணிக் கொடுத்தது ஸ்பேர் பார்ட்ஸ்தான். பம்ப் வெளிய எவ்ளோ துருப்பிடிச்சிருந்தாலும் சரி பண்ணிடலாம், உள்ள இல்லாத சாமான எங்க போய் தேடுறது? டோக்கைம் 39, வெய்ன் 70 மாதிரி நிறைய ஓடின மாடல்களுக்கு டயல் கண்ணாடி, விளம்பரக் கண்ணாடி, கதவு, நாசில், டீக்கால் (ஒட்டுற எழுத்து, படம்)னு புதுசாவே செஞ்சு விக்கிறாங்க. விசிபிள்ல கண்ணாடி உருளை புதுசா கிடைக்கும், ஆனா மேல் வளையமோ கைப்பிடி வார்ப்போ உடைஞ்சிருந்தா அதே மாடல்ல இன்னொரு பம்ப் சிக்குற வரைக்கும் காத்திருக்கணும், இல்லன்னா அச்சு எடுத்து வார்க்கணும்.

அதனால காசு கொடுக்கறதுக்கு முன்னாடி மாடல் நம்பர உறுதி பண்ணிக்கங்க. பேர மட்டும் நம்பாதீங்க, பௌசர், வெய்ன், டோக்கைம் மூணு கம்பெனியுமே இண்டியானால இருக்கிற ஃபோர்ட் வெய்ன் ஊர்லதான் பம்ப் செஞ்சாங்க, ஒவ்வொருத்தரும் பல மாடல் விட்டிருக்காங்க. மாடல் தகடு மேல பெயிண்ட் அடிச்சிருந்தா சுரண்டாம ஸ்ட்ரிப்பர் (பெயிண்ட இளக்குற கெமிக்கல்) தடவி எடுங்க, சுரண்டினா எழுத்தும் சேர்ந்து போயிடும்.

கம்ப்யூட்டர்னு சொல்றது கரண்ட் சமாச்சாரம் இல்ல, பல்சக்கரமும் நம்பர் உருளையும்தான். என்னோடதுல காசு உருளை இறுகிப்போய் கிடந்துச்சு, கைல திருப்பினா பல் உடைஞ்சிடும்னு பயந்து ஊடுருவுற எண்ணெய் விட்டு ஒரு வாரம் அப்படியே வெச்சேன், அப்புறம் 9ல இருந்து 0க்கு மெதுவா புரண்டப்போ பக்கத்து உருளையும் ஒரு எண் தள்ளுச்சு பாருங்க, அந்த ஒரு நொடிக்காகவே இந்த வேலைய செய்யலாம். அந்தக் காலத்து கம்ப்யூட்டர் பலதும் கேலனுக்கு 99.9 சென்ட்டுக்கு மேல காட்டாது, 1979 வாக்குல விலை ஒரு டாலர தாண்டினப்போ நிறைய பங்க்ல அரை கேலன் விலைய வெச்சு ஓட்டினாங்க.

கம்ப்யூட்டர் பம்ப்ல சங்கடம் தகடுதான். வார்ப்பிரும்பு அடிப்பாகத்த மணல் பீச்சி சுத்தம் பண்ணலாம், கதவுத் தகட்ட அதே வேகத்துல அடிச்சா வளைஞ்சு நெளிஞ்சிடும். துத்தநாக வார்ப்பு ட்ரிம்ம (ஓரத்துல வர்ற அலங்காரப் பட்டைய) ஆசிட்ல போடவே கூடாது, அரிச்சிடும். நிறம் கண்டுபிடிக்கணும்னா கீல் மறைவுல மெல்லிய உப்புத்தாளால வட்டமா தேய்ங்க, பெயிண்ட்டோட ஒவ்வொரு அடுக்கும் வளையம் வளையமா தெரியும். நான் பார்த்தப்போ மேல வெள்ளை, அதுக்குக் கீழ பச்சை, கடைசியா சிவப்பு. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும், அதனால தண்ணி தொட்டு, மாஸ்க் போட்டுத்தான் தேய்க்கணும். உள்ள பெட்ரோல் ஆவி தங்கியிருக்கலாம், முழுசா காத்தோட்டம் விடாம கிரைண்டர் பக்கம் போகாதீங்க.

விசிபிள்ல நான் ஒரே ஒரு பம்ப்புக்குத்தான் கூடமாட உதவியிருக்கேன், அதுவும் முழு சாமானோட வந்தது. அப்படி ஒண்ணு உங்க கைக்கு வந்து, உயரத்துக்கும் இடம் இருந்தா நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்.