பின்கோடு வரைக்கும் நம்பலாம்: காரணி பிரிக்கும் கால்குலேட்டர்

சத்துவாச்சாரியில் கணக்கு ட்யூஷன் எடுக்கும் நான், ஓர் எண்ணைப் பகா காரணிகளாகப் பிரித்துக் காட்டும் 'ஃபாக்ட்' வசதிக்காகவே வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு கடையில் சயின்டிபிக் கால்குலேட்டர் வாங்கி, மூன்று மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். பட்டன்கள் இதமாக இருக்கின்றன, மூடி மட்டும் லொடலொடக்கிறது.

முதலில் நம்மூர்ப் பின்கோடு 632001-ஐ இட்டேன். 3 × 293 × 719 என்று நொடியில் வந்தது. இலக்கங்களின் கூடுதல் 12 என்பதால் 3 வகுக்கும் என்பதை எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் மிஞ்சும் 210667-இலிருந்து 293-ஐக் கண்டெடுக்கத் தாளில் ஏறத்தாழ அறுபது பகா எண்களால் வகுத்துப் பார்த்தாக வேண்டும். மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல் என்பதால் இதற்கு வகுத்திகள் எட்டு. தன்னை விட்டு மற்ற ஏழையும் கூட்டினால் 214719தான் வருகிறது, அது எண்ணைவிடக் குறைவு, ஆகவே இது குறைவெண். (கூட்டியது நான், கருவிக்கு அந்த வேலை தெரியாது.)

சிக்கல் ஏழு இலக்கத்தில் தொடங்குகிறது. கணித அறிஞர் ஃபெர்மா 'பகா எண்' என்று கருதிய, 1732-இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர் 641-ஆல் வகுபடும் என்று காட்டிய 4294967297-ஐ இட்டால், திரையில் 641 × (6700417) என்று அடைப்புக்குறியோடு வருகிறது. மூன்று இலக்கப் பகா எண்கள் வரை மட்டுமே இது வகுத்துப் பார்க்கிறது. அதற்கு மேல் மிஞ்சுவது, நான்கு இலக்கப் பகா எண்களில் முதலாவதான 1009-இன் வர்க்கமான 1018081-ஐ எட்டிவிட்டால், அடைப்புக்குறிக்குள் போட்டு விலகிக்கொள்கிறது. 6700417 உண்மையில் பகா எண். 1018081 பகு எண். இரண்டுக்கும் அதே அடைப்புக்குறிதான். என் மாணவி ஒருத்தி, "அடைப்புக்குறி போட்டா இன்னும் பிரியும்னுதானே சார் அர்த்தம்?" என்று கேட்டு, 6700417-க்குக் காரணி தேடி ஒரு மாலையையே செலவழித்தாள். கையேட்டில் இதற்கான விளக்கம் பொடி எழுத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது. தவறான விடை தராமல் ஒதுங்குவது நேர்மைதான் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆறு இலக்க எண்கள் எல்லாம் அந்த எல்லைக்குள் அடங்குவதால், நாட்டின் எந்தப் பின்கோட்டுக்கும் முழு விடை கிடைக்கும்.

சிறு காரணிகள் மட்டுமே கொண்ட எண் என்றால் பத்து இலக்கமானாலும் தயங்குவதில்லை. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்களை இராமானுஜன் 1915-இல் ஆராய்ந்து பட்டியலிட்டார். அவ்வகையைச் சேர்ந்த 6983776800-ஐ, 2304 வகுத்திகள் உடையதை, அடைப்புக்குறி இல்லாமல் பிரித்துக் கொடுத்தது. அவர் பட்டியலில் விடுபட்ட ஒரே எண்ணான 293318625600-ஐயும் இட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு இலக்கம் என்பதால் பிழைச் செய்தி வந்தது. முந்தைய எண்ணை 42-ஆல் பெருக்கினால் இதுதான் என்பதால், மீதியைக் கையாலேயே எழுதி முடித்தேன்.