டீசல் ஹெட்டுக்குள் ஓடுவதா, வெளியே ஓடுவதா? பழைய ஜெனரேட்டர் வாங்கியபோது நான் பார்த்தது

போன மாதம் மலேசியாவில், பினாங்கின் பிறையில் உள்ள என் பட்டறைக்கு ஒரு பழைய ஜெனரேட்டர் இறக்கினேன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என்று வாடகைக்கு விடுவதுதான் தொழில். கடைசியில் இரண்டு இன்ஜின்கள் முன்னால் நின்றன. ஒன்று கம்மின்ஸ் என்டி855, 14 லிட்டர். இன்னொன்று வால்வோ டிடி121, 12 லிட்டர். இரண்டிலும் ஆறு சிலிண்டர். கம்மின்ஸ் விலையும் குறைவு, நாளைக்கு விற்றாலும் உடனே ஆள் வரும். இருந்தும் வால்வோவை எடுத்தேன். காரணம் டீசல் போகும் வழி.

என்டி855இல் டீசல், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குள்ளேயே ஓடுகிறது. இரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று ஹெட். ஒவ்வொன்றிலும் டீசல் வர ஒரு துளை, மிச்சம் திரும்ப ஒரு துளை. பம்ப் குறைந்த அழுத்தத்தில்தான் தள்ளும். ராக்கர் என்னும் நெம்புகோல் அமுக்கும்போது, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உயர் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இதே குடும்பத்தின் ஆரம்பகால ஹெட்டுகளில் டீசல் வெளியே குழாயில்தான் வந்தது. இன்ஜெக்டரை உருளை வடிவத்துக்கு மாற்றிய பிறகு வழியும் உள்ளே போனது. வால்வோவில் சிலிண்டருக்கு ஒரு ஹெட். பக்கத்தில் வரிசைப் பம்ப், அதிலிருந்து ஆறு இரும்புக் குழாய்கள், முனையில் டீசலைப் பீய்ச்சும் நோசல். எல்லாம் கண்ணுக்கு முன்னால்.

உதிரிப் பாகம், சத்தம், டீசல் செலவு இதிலெல்லாம் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

உள்வழிக்கு உள்ள நன்மைகளையும் சொல்லிவிடுகிறேன். உயர் அழுத்தக் குழாயே இல்லாததால் அதிர்வில் குழாய் வெடிக்கும் பயம் இல்லை. வெடித்த குழாயிலிருந்து டீசல் புகையாகப் பீய்ச்சி, கொதிக்கும் டர்போமேல் பட்டால் தீதான். அதனால்தான் கப்பல் இன்ஜின்களில் வெளியே ஓடும் உயர் அழுத்தக் குழாய்க்கு மேலுறை வேண்டும் என்று சோலாஸ் எனும் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதி சொல்கிறது. அப்புறம், உள்வழியில் டீசல் ஓயாமல் சுற்றித் திரும்புவதால் இன்ஜெக்டர் சூடு தணியும். காற்று புகுந்தாலும் தானே திரும்பும் வழியில் போய்விடும். வால்வோவில் ஃபில்டர் மாற்றினால் காற்றெடுக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் நான் ஏன் குழாய்ப் பக்கம் போனேன்? டீசல் கசிந்தால் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

உள்வழி இன்ஜெக்டரைச் சுற்றி ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையங்கள் போட்டு அடைத்திருப்பார்கள். வரும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் நடுவில் இருக்கும் ரிங் போனால் பவர் குறையும், ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். மேல் ரிங் போனால் டீசல் ராக்கர் கவருக்குள் ஊறி, நேராக அடியில் உள்ள இன்ஜின் எண்ணெய்த் தொட்டிக்கு இறங்கும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. மேலே தொட்டுப் பார்த்தால் இன்ஜின் காய்ந்து, சுத்தமாக இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஹெட்டுக்குள் வழி வைத்த ஓர் இன்ஜினை நான் வைத்திருந்தேன். தினமும் காலையில் பட்டறைத் தம்பி டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பான். மூன்று மாதம் எண்ணெய் மேல் கோட்டிலேயே நின்றது. "அண்ணே, ஒரு சொட்டு எண்ணெய் குடிக்கல இந்த இன்ஜின்" என்று பெருமையாகச் சொன்னான். எனக்கும் சந்தோஷம்தான். அவ்வளவு ஓடிய இன்ஜின் எண்ணெய் குடிக்காமல் இருக்குமா என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். அது குடித்துக்கொண்டுதான் இருந்தது. குடித்த அளவுக்கு டீசல் உள்ளே வந்து ஈடு கட்டிக்கொண்டிருந்தது.

நிபோங் திபாலில் ஒரு கல்யாண ராத்திரி, சூடு ஏற ஏற எண்ணெய் அழுத்த முள் கீழே இறங்கியது. மறுநாள் திறந்துவிட்டபோது எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டேன். நடுவில் கறுப்புப் பொட்டு, அதைச் சுற்றி அகலமாக மஞ்சள் வளையம், மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. பேரிங் ஷெல்லைக் கழற்றினால் சாம்பல் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. குறை இன்ஜினுடையது இல்லை, ரிங்கை உரிய காலத்தில் மாற்றாத என்னுடையது. ஆனால் 40 லிட்டர் எண்ணெயில் 2 லிட்டர் டீசல் கலந்தால் அது 5 விழுக்காடு. அந்த அளவை டிப்ஸ்டிக் காட்டிக்கொடுக்காது.

ஆறில் எது கசிகிறது என்று தேடுவது அடுத்த வேலை. ராக்கர் கவர்களைத் திறந்து, வழிக்குள் அழுத்தம் கொடுத்து, டார்ச் அடித்துக் காத்திருக்க வேண்டும். இன்ஜெக்டரை எடுத்து ரிங் மாற்றினால் திரும்ப அளவு வைத்துப் பூட்ட வேண்டும். குழாய் இன்ஜினில் நட்டைத் துடைத்துவிட்டு அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரியும். கையை மட்டும் நீட்டாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும். எந்த சிலிண்டர் சோம்பல் என்பதும் ஐடிலில் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தினால் சத்தத்திலேயே புரிந்துவிடும்.

நம் ஊர் டீசலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2019இல் வாகனங்களுக்கு பி10, தொழில்துறைக்கு பி7 வந்தது, அதாவது டீசலில் 10 விழுக்காடும் 7 விழுக்காடும் பயோடீசல். செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் இந்த பயோடீசல் பழைய நைட்ரைல் ரப்பர் ரிங்குகளைக் கெடுக்கக்கூடியது. இன்னொன்று, சாதாரண டீசல் எண்ணெயில் கலந்தால் சூட்டில் கொஞ்சமாவது ஆவியாகிப் போகும். பயோடீசல் எளிதில் போகாது, தங்கிவிடும்.

குழாய் இன்ஜினில் எண்ணெய்க்குள் டீசல் போகவே போகாது என்றும் நினைக்க வேண்டாம். வரிசைப் பம்புக்கும் இன்ஜின் எண்ணெய்தான் போகிறது, உள்ளே டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சர் தேய்ந்தால் அந்த வழியாகவும் இறங்கும். ஆனால் ஆறு இடத்தில் தேடாமல் ஒரு பம்பைக் கழற்றிக் கடையில் கொடுத்தால் முடிந்தது.

நான் பார்த்ததெல்லாம் ஜெனரேட்டரும் கொஞ்சம் லோரியும்தான். படகு இன்ஜினில் எனக்கு அனுபவம் குறைவு. மரப் படகின் மூடிய அறையில் தீப் பயத்தை வைத்து ஒருவர் உள்வழியைத் தேர்ந்தெடுத்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஓர் உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜின் இரண்டு மூன்றுதான் கை வைத்திருக்கிறேன், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது.

கம்மின்ஸ்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், உழைக்கிற இன்ஜின். பணம் கொடுக்கும் முன் எண்ணெயை டிஷ்யூவில் சொட்டிப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து டீசல் வாடை வருகிறதா பாருங்கள், வந்தால் ஹெட்டில் வெடிப்பு இருக்கலாம். வாங்கிய வாரமே ஆறு இன்ஜெக்டருக்கும் வைட்டான் என்னும், டீசலைத் தாங்கும் ரப்பர் ரிங் மாற்றுங்கள்.

வால்வோ மாதிரி குழாய் இன்ஜின் என்றால் முதலில் கிளிப்பை எண்ணுங்கள். குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் ஒன்று விழுந்தாலும் குழாய் ஆடி, உரசி, ஒரு நாள் கீறும். நான் வாங்கியதில் இரண்டாவது, மூன்றாவது குழாய்க்கு நடுவில் கிளிப் இல்லை, குழாயில் பளபளவென்று உரசிய தடம். அந்தக் குழாய்க்கும் கிளிப்புக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் ஒரு பந்தல்காரர் முன்பணம் கொடுத்துவிட்டார். இரண்டும் வந்து மாட்டிய பிறகுதான் அங்கே அனுப்புவேன்.