காடா, கம்பி வலையா? உருளும் கல்லை எது நிறுத்தும்?

சுவிட்சர்லாந்தில் கோத்தார்ட் மலைக்கணவாய் நோக்கி மலையேறும் பழைய பாதை ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தால், ரொய்ஸ் ஆற்றின் இரு பக்கமும் இரண்டு வகைக் காவல் மாறிமாறிக் கண்ணில் படும். ஓரிடத்தில் தூண் நட்டுக் கட்டிய எஃகு வலை. அடுத்த வளைவில் கருகருவென்று ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: மேலே செங்குத்துப் பாறையிலிருந்து கழன்று வரும் கல்லைத் தண்டவாளத்துக்கு வரவிடாமல் பிடிப்பது. இதில் எது மேல் என்று என்னைக் கேட்டால், கல் எவ்வளவு பெரிது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அரை மீட்டர் கனசதுரக் கல் ஒன்று 300 கிலோவுக்கு மேல் இருக்கும். அது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் மோதும் ஆற்றல் சுமார் 70 கிலோஜூல். மார்பளவு உயரத்தில் 40 செ.மீ. விட்டமுள்ள வெள்ளி ஃபிர் என்ற ஊசியிலை மரம், நேருக்கு நேர் மோதினால் ஏறக்குறைய 200 கிலோஜூல் வரை வாங்கிக்கொள்ளும். கல் அங்கேயே நின்றுவிடும். அதே கல் ஒரு மீட்டர் கனசதுரமானால் எடை எட்டு மடங்கு, ஆற்றலும் எட்டு மடங்கு. மரம் முறியும், கல்லும் தொடர்ந்து கீழே உருளும். ஆனால் வந்த வேகத்தில் போகாது. வலை மொத்தக் கடனையும் ஒரே நாளில் வசூலிக்கிறது, காடு தவணை முறையில் வசூலிக்கிறது.

அந்தத் தவணையைப் பிரெஞ்சு ஆல்ப்ஸில் வோஜானி என்ற ஊரில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டமுள்ள கற்களை, மரமுள்ள சரிவிலும் மரமில்லாச் சரிவிலும் 100 வீதம் உருட்டிவிட்டார்கள். வெற்றுச் சரிவில் அநேகமாக எல்லாக் கல்லும் கீழே வந்து சேர்ந்தது. காட்டுக்குள் விட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவே தப்பி வந்தது.

வலையின் பலம் வேறு. எஃகுக் கம்பி வளையங்களை ஒன்றோடொன்று கோத்த வலை, தாங்கும் வடம், வடத்தில் இழுபட்டு நீளும் பிரேக் என்று எல்லாம் சேர்ந்து அடியை வாங்குகின்றன. சுவிட்சர்லாந்தின் வாலன்ஸ்டாட் கல்குவாரியில் கான்கிரீட் கட்டியை உயரத்திலிருந்து செங்குத்தாக வலைமேல் போட்டுச் சோதிக்கிறார்கள். 8,000 கிலோஜூல் வரை தாங்கிய வலைகள் உண்டு. ஒற்றை மரம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. சில வாரங்களில் கட்டி முடித்துவிடலாம் என்பது இன்னொரு வசதி. காட்டுக்கோ ஒரு தலைமுறை போதாது. ஆனால் பெரிய அடி ஒன்று வாங்கிய வலையில் பிரேக்கையும் வடத்தையும் மாற்ற வேண்டும், தேங்கிய கல்லை அள்ள வேண்டும், துள்ளி வரும் கல் வலைக்கு மேலேயே தாண்டியும் போகலாம். ஐம்பது வருடத்தில் துருவுக்கும் பதில் சொல்ல வேண்டும். காட்டைப் பராமரிப்பது இதைவிடப் பல மடங்கு மலிவு.

காடு என்றால் எந்தக் காடு என்பதிலும் சண்டை இருக்கிறது. பாறைக்குக் கீழே நிற்கும் ஸ்ப்ரூஸ் மரத்தின் மேட்டுப்பக்கத்தைப் பாருங்கள். முழங்கால் உயரத்திலோ இடுப்பளவிலோ பட்டை உரிந்து, பிசின் வழிந்து காய்ந்திருக்கும். அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை புகுந்து உள்ளே அழுகும். வெளியே பச்சையாக நிற்கிற மரம் அடுத்த கல்லுக்கு ஓட்டைக் குழாய் மாதிரிதான். வேரும் மேலோட்டமாக ஓடுவதால் புயலில் சாயும். பிறகு பட்டைக்கடியில் துளைக்கும் பட்டை வண்டு. இவற்றில் பீச் என்ற இலையுதிர் மரம் கெட்டி. ஒரே பருமனுள்ள ஸ்ப்ரூஸைவிட இரு மடங்கு அளவு ஆற்றலைத் தாங்கும், காயத்தையும் நன்றாக மூடிக்கொள்ளும். உயரம் ஏற ஏற பீச் நிற்காது என்பதுதான் தொல்லை. ஆழமாக வேர் விடும் வெள்ளி ஃபிர் அங்கே கைகொடுக்கும், மான் விட்டால். செம்மானும் மலையாடும் ஃபிர் கன்றின் நுனியைக் கடிப்பதில் அப்படியொரு விருப்பம். இந்தக் கணக்கில் வேட்டைக்காரர்களும் ஒரு தரப்பு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பருமனைப் பற்றியும் ஒரு வார்த்தை. விட்டம் இரட்டித்தால் தாங்கும் சக்தி ஐந்து மடங்காகும். அதற்காகப் பெருமரங்களை மட்டும் வைத்துக்கொண்டால் இடைவெளி அகலும். சரிவின் போக்கில் 20 மீட்டருக்கு மேல் திறந்தவெளி இருக்கலாகாது என்பது சுவிஸ் வழிகாட்டுதல். அதைத் தாண்டினால் கல் மறுபடி வேகம் பிடிக்கும். சிறு கல்லுக்கு நெருக்கம், பெருங்கல்லுக்குப் பருமன், இரண்டும் வேண்டும். கோத்தார்ட் அருகே ஆண்டர்மாட் ஊர் மக்கள் ஊருக்கு மேலிருந்த காட்டில் மரம் வெட்டக்கூடாதென்று 1397-லேயே தடை எழுதினார்கள். அது முக்கியமாகப் பனிச்சரிவுக்காக. இன்றைய வனக்காரர் அப்படித் தொடாமல் விடமாட்டார். வெட்டித்தான் இளங்கன்றுக்கு வெளிச்சம் விடுவார். பாறை விளிம்பிலேயே நிற்கும் பெருமரத்தையும் எடுத்துவிடுவார், அதன் வேரே கல்லை நெம்பிக் கழற்றும்.

இடம் இருந்தால் மண் அணை இந்த இரண்டையும்விட முரட்டுத்தனமாகத் தாங்கும். செங்குத்துச் சரிவில் இடம் எங்கே?

ஓர் அளவுக்கு மேல் இந்த ஒப்பீட்டுக்கே பொருளில்லை. 2006 மே 31 அன்று குர்ட்னெல்லனில் கோத்தார்ட் நெடுஞ்சாலைமேல் பாறைகள் விழுந்து காரிலிருந்த இருவர் இறந்தார்கள். சாலை ஏறக்குறைய ஒரு மாதம் மூடிக் கிடந்தது. 2023 ஜூனில் கிழக்கு சுவிட்சர்லாந்தின் பிரியென்ஸ் ஊருக்கு மேல் சுமார் 12 லட்சம் கன மீட்டர் சரிந்து பள்ளிக்கூடக் கட்டடத்துக்குச் சற்று முன்னால் நின்றது. மலையின் அசைவை அளந்துகொண்டே இருந்ததால் ஒரு மாதம் முன்பே ஊரைக் காலி செய்திருந்தார்கள்.

மற்றபடி என் தேர்வு: கீழே வீடும் மேலே ஒரு மீட்டருக்குள் அடங்கும் கற்களும் என்றால் முதலில் காடு, காடு கிழிந்திருக்கும் இடத்தில், அது வளரும்வரை மட்டும் வலை. இடைப்பட்ட காலத்துக்கு வனக்காரர்களிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. மரத்தை வெட்டும்போது அடியோடு வெட்டாமல் மார்பளவு கட்டையை விட்டு, விழுந்த மரத்தை விற்காமல் சரிவுக்குக் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கிடத்துவார்கள். நல்ல பலகை மரம் அப்படி மக்குவதைப் பார்க்க மரவியாபாரிக்கு வயிறு எரியும். கட்டைக்குப் பின்னால் தலையணை அளவுக் கற்கள் இரண்டு மூன்று பாசி படிந்து உட்கார்ந்திருக்கும். கட்டை உளுத்து அவற்றை விடுவதற்குள் பக்கத்துக் கன்று தடித்தாக வேண்டும்.