ஏபிஐயா, சாலிஃபெர்ட்டா?

இரண்டும் மீன்தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டிகளை விற்கும் நிறுவனங்கள். கடல்நீர் மீன்தொட்டியைப் புதிதாக அமைக்கிறவர் தண்ணீரில் முதலில் கவனிக்க வேண்டியவை அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (அமில-கார அளவு). ஏபிஐயின் 'சால்ட்வாட்டர் மாஸ்டர்' பெட்டியில் இந்த நான்குக்குமான சோதனைத் திரவக் குப்பிகள் ஒன்றாகவே வருகின்றன. நெதர்லாந்தின் சாலிஃபெர்ட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி. கூட்டிப் பார்த்தால் செலவு அதிகம்.

அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா தொட்டியில் நிலைபெறும் முதல் சில வாரங்களுக்கு ஏபிஐ தாராளமாகப் போதும். அம்மோனியா ஏறி இறங்குகிறதா என்பதுதான் அப்போதைய கேள்வி. நுண்ணிய அளவு தேவையில்லை. ஆனால் நிறத்தை அட்டையோடு ஒப்பிடும்போது, மஞ்சளா, லேசான பச்சையா என்று 0க்கும் 0.25க்கும் நடுவே கண் தடுமாறும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

நைட்ரேட் சோதனையில் பொறுமை வேண்டும். இரண்டாம் குப்பியை 30 விநாடி பலமாகக் குலுக்கி, துளிகள் விட்டபின் குழாயை இன்னும் ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். சோம்பினால் அளவு குறைவாகக் காட்டும்; தண்ணீர் சுத்தம் என்று நம்பிவிடுவோம். சாலிஃபெர்ட் நைட்ரேட்டில் நிறம் மங்கலாக இருந்தால் குப்பியைப் பக்கவாட்டில் பார்த்து, வரும் எண்ணைப் பத்தால் வகுக்கலாம். குறைந்த அளவுகளில் இது பெரிய வசதி.

பவளம் வைக்கும் எண்ணம் வந்தால் என் ஓட்டு சாலிஃபெர்ட்டுக்கே. காரத்தன்மைச் சோதனையில் சிரிஞ்சால் துளித்துளியாக விட, நிறம் சட்டென்று மாறும். சாயல் பார்த்து ஊகிக்கும் வேலையே இல்லை. மேற்சொன்ன ஏபிஐ பெட்டியில் காரத்தன்மையும் கால்சியமும் கிடையாது. உப்பின் அளவை இரண்டுமே சொல்லாது. அதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் தனியாக வாங்க வேண்டும்.